முயலுக்கு எது இயல்பு?

முயல் வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு, "அது இயல்புதாங்க, விட்டுடுங்க" என்பதுதான் பதில். மீதிப் பாதிக்கு, "நேத்தே பார்த்திருக்கணுமே" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடு மாடு என்றால் நமக்குத் தலைமுறைப் பழக்கம். அசை போடவில்லை, மூக்கு காய்ந்திருக்கிறது, காது தொங்குகிறது என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே பாட்டி சொல்லிவிடுவார். கூண்டு முயலுக்கு அப்படி ஒரு பாட்டி நம் ஊரில் இல்லை.

நாம் வளர்ப்பது நம்ம காட்டு முயலும் அல்ல. அதைப் பிடிப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா என்று நாம் வாங்கி வருபவை ஐரோப்பிய முயலின் வழி வந்தவை. மண்ணுக்கடியில் வளை தோண்டி, வெயிலுக்கும் பகைக்கும் அதற்குள் ஒதுங்கி வாழ்ந்த இனம். நரிக்கும் பருந்துக்கும் இரையாகிற பிராணி தன் நோவை வெளியே காட்டாது. காட்டினால் அதைத்தான் முதலில் தூக்கும். ஆகவே முயல் 'சுணங்கியிருக்கு' என்று நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் பாதி தூரம் போய்விட்டிருக்கும். நல்லாயிருக்கும்போது அது எப்படி இருக்கிறது என்று தெரிந்திருந்தால்தான் மாற்றம் நமக்குப் பிடிபடும்.

முதலில் பார்க்க வேண்டியது புழுக்கை. காலையில் கூண்டைக் கூட்டும்போது கம்போஸ்ட் குழிக்கு அள்ளிப் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் பாருங்கள். உருண்டையாக, ஏறக்குறைய ஒரே அளவில், நசுக்கினால் உள்ளே காய்ந்த புல்தூளாக இருக்க வேண்டும். சிறுத்துப் போனாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ, முடியில் கோத்த பாசி மாதிரி வந்தாலோ குடல் மெதுவாகிறது, நார் போதவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு வகைப் புழுக்கையும் உண்டு. கருத்து, மெத்தென்று, பளபளப்பாக, சின்னத் திராட்சைக் கொத்துப் போல இருக்கும், வாடையும் அடிக்கும். முயல் குனிந்து ஆசனவாயில் வாய் வைத்து இதை நேராகவே தின்றுவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்து அருவருத்து, பசி போல என்று அடர்தீவனத்தைக் கூட்டுகிறார்கள். மாட்டுக்கு முன்வயிற்றில் நடக்கும் நொதித்தல் முயலுக்குப் பின்குடலில் நடக்கிறது. அங்கே உண்டாகும் புரதமும் பி வைட்டமின்களும் வீணாகாமல் இருக்க, மாடு அசை போடுவது போல முயல் இப்படி இரண்டாம் முறை தின்கிறது. இது இயல்பு. தின்னாமல் அது தரையில் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். பெரும்பாலும் அடர்தீவனம் மிஞ்சியிருக்கும், அல்லது குனிய முடியாத அளவுக்கு முயல் கொழுத்திருக்கும். தீவனத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள்.

குடல் நிற்பதுதான் முயலுக்கு எமன். அதற்கு வாந்தி எடுக்கவும் வராது. காலையில் தின்ன மறுத்த முயல் மாலையிலும் தின்னவில்லை, புழுக்கையும் இல்லை என்றால் மறுநாள் பார்த்துக்கலாம் என்று இருக்கக் கூடாது. முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து, சத்தமாகப் பல்லைக் கடித்தால் அது வலி. தலையைத் தடவும்போது மெதுவாகப் பல்லை அரைத்தால் அது சுகம். இந்த இரண்டு சத்தத்தையும் காது பழகிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சிறுநீர். மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம், சில நாள் நல்ல சிவப்பு, எல்லாமே வரலாம். தின்ற தழையின் நிறமிகள் அப்படி வெளியேறுகின்றன. சுண்ணாம்புத் தண்ணீர் போலக் கலங்கலாக இருப்பதும் இயல்பே, மிஞ்சிய கால்சியத்தை முயல் சிறுநீரில்தான் தள்ளும். நிறம் முழுக்க ஒரே சீராக இருந்து, முயல் நன்றாகத் தின்றால் ஒன்றிரண்டு நாள் பொறுக்கலாம். திட்டுத் திட்டாக, கட்டியாகச் சிவப்பு வந்தாலும், முக்கி முக்கிப் பெய்தாலும் மருத்துவரிடம் போங்கள். நாலு வயது தாண்டிய பெட்டை என்றால் கருப்பைக் கட்டியாகவும் இருக்கலாம்.

பக்கத்து ஊர் நண்பர் ஒருவர் சிவந்த சிறுநீரைப் பார்த்துப் பயந்து, யாரோ சொன்னார்கள் என்று வீட்டில் மிச்சமிருந்த அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்துப் புகட்டினார். சிறுநீர் தானாகவே தெளிந்திருக்கும். முயல் கழிந்து செத்தது, நாலு கிலோ தாய் முயல். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து, நச்சுக் கிருமிகள் பெருகிவிடும். மண்ணில் ரசாயனம் போட மாட்டோம் என்கிற நாம் முயலின் குடலையும் ஒரு மண் என்று நினைக்க வேண்டும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு விஷம்தான்.

உடம்புச் சூடு 101 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நமக்கு 102 என்றால் காய்ச்சல், அதற்கு அதுதான் சரி. 100-க்குக் கீழே போனால்தான் அதிக ஆபத்து. மூச்சை மூக்குத் துடிப்பை வைத்து எண்ணாதீர்கள், விலாவைப் பாருங்கள்: ஓய்வில் நிமிஷத்துக்கு 30 முதல் 60. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அவசரம். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை விடும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் நடுப்பகலிலேயே போய்விடும். கீற்றுக் கூரையும் மரநிழலும் வேண்டும். மூச்சிரைத்தால் ஈரத்துணியால் காதைத் துடையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் முக்க வேண்டாம்.

பல் வளர்ந்துகொண்டே இருக்கும், முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர். மேல்பல் கீழ்ப்பல்லுக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். மேல்வரிசைக்குப் பின்னால் இன்னும் இரண்டு குட்டிப்பல் ஒளிந்திருக்கும், அதுவும் இயல்பே. கீழ்ப்பல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முயலை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள், பெரும்பாலும் பரம்பரையாக வருவது. காதுக்குள் பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தால் சொறிப்பூச்சி. கண்ணைத் திறந்தபடியே தூங்குவதும், திடீரென்று பக்கவாட்டில் விழுந்து படுப்பதும் பார்க்கப் பயமாக இருக்கும், ஒன்றும் இல்லை.

சினை 30 முதல் 32 நாள். ஈனுவதற்கு முன் பெட்டை தன் மார்பு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும், சொறி என்று மருந்து போட வேண்டாம். ஈன்ற பிறகு ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில நிமிஷம் மட்டுமே பால் கொடுக்கும். குட்டியை ஒதுக்கிடுச்சு என்று தாயை அமுக்கிப் பிடிப்பவர்கள் உண்டு. குட்டியின் வயிறு உருண்டிருந்தால் பால் குடித்திருக்கிறது.

இத்தனையும் பொதுவான அளவு. உங்கள் ஒவ்வொரு முயலுக்கும் அதற்கென்று ஓர் அளவு உண்டு. வங்கியில் முப்பது வருஷம் லெட்ஜர் பார்த்த பழக்கமோ என்னவோ, கூண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுகிறேன். ஞாயிறுதோறும் எடை, நல்லாயிருக்கும் நாளில் இரண்டு மூன்று தடவை எண்ணிய மூச்சு, எந்தத் தழைக்கு எந்த நிறச் சிறுநீர். நாலு கிலோ முயல் இரண்டு வாரத்தில் 400 கிராம் இறங்கினால், முடி அடர்த்தியில் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். கால்நடை மருத்துவரிடம் போகும்போது இந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். நம் ஊர் மருந்தகங்களில் முயல் வருவது குறைவு. "இதன் இயல்பான எடை இவ்வளவு, நேற்று மாலையிலிருந்து தின்னவில்லை, புழுக்கை இப்படி" என்று சொன்னால் அவருக்கும் வேலை சுலபமாகும். முடிந்தால் அன்றைய புழுக்கையையும் ஒரு தாளில் மடித்துக் கொண்டு போங்கள்.