கல்லாப்பெட்டியும் கணக்கேடும்

கணக்கேட்டிலே இலாபம் கண்டு மகிழ்ந்த வணிகர், மறுநாட் காலையில் சரக்கு வாங்கக் காசின்றித் தவிப்பதுண்டு. இஃது எங்ஙனம் நேரும் என மாணவர் வினவலாம். இலாபம் வேறு, கைக்காசு வேறு என்பதே விடை. கடைக்கு வரும் காசையும் கடையினின்று போகும் காசையும் அவற்றின் காலத்தோடு சேர்த்து நோக்குவதையே நமது கணக்கியல் நூல்கள் காசுப் பாய்ச்சல் என்கின்றன. பொருத்தமான பெயர்தான். குளம் நிறைந்திருப்பினும், வாய்க்காலில் உரிய நாளில் நீர் வாராவிடின் பயிர் வாடுமன்றோ?

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள கட்டைபறிச்சானை எடுத்துக்கொள்வோம். வயலும் கடலும் களப்பும் இப்பகுதி மக்களின் வாழ்வுக்கு ஆதாரம். பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும், சிறுபோக நெல் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலும் வீடு சேரும். சீனியும் தேயிலையும் பிள்ளைகளின் கொப்பியுமோ அதுவரை காத்திரா. ஆதலின், அறுவடைவரை கடன் கொடாமல் இத்தகைய ஊரில் கடை நடத்துதல் அரிது.

ஒருவர் 100,000 ரூபாவுக்கு வாங்கிய சரக்கை 120,000 ரூபாவுக்கு விற்றார் என்போம். இலாபம் 20,000 ரூபா. ஆயினும் 70,000 ரூபா கடனாக நின்றால், பெட்டியில் இருப்பது 50,000 ரூபாவே. அடுத்த முறை பாதிச் சரக்கைத்தான் அவர் வாங்க முடியும்.

எல்லையூருக்கு மற்றுமோர் இடர் உண்டு, பாதையே மூடப்படலாம். 2002 பெப்ரவரி 22இல் கைச்சாத்தான போர்நிறுத்த ஒப்பந்தக் காலத்தில், மூதூர்ப் பட்டினம் அரசின் கட்டுப்பாட்டிலும் சம்பூர்ப் பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. கட்டைபறிச்சான் சோதனைச் சாவடி இரண்டிற்கும் இடையே வாயிலாக விளங்கிற்று. 2006 ஓகஸ்டில், சிறுபோக அறுவடைப் பருவத்திலே, மூதூரில் சமர் மூண்டது. செப்டெம்பர் 4இல் சம்பூரை இராணுவம் கைப்பற்றியது. மக்கள் ஊர்விட்டு ஊர் அலைந்த வேளையில், அறுவடையை நம்பிக் கொடுத்த கடன் எவ்வாறு திரும்பும்? சம்பூர் மக்களிற் பலர் 2015, 2016ஆம் ஆண்டுகள் வரை கட்டைபறிச்சான், கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களிலே வாழ நேர்ந்தது.

போர் ஓய்ந்தபின், 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பாதை இலகுவாயிற்று, ஆனால் 2022இல் விலைவாசி வடிவிலே வேறோர் இடர் வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண், முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது. நாம் மேலே கூறிய சரக்கின் கொள்விலையும் அவ்வாறே 170,000 ரூபாவாக ஏறினால், ஒரு சதமும் கடன் கொடாமல் விற்ற 120,000 ரூபாகூடப் போதாது!

இத்தகைய இடர்களுக்கு முற்காப்புத் தேடுவது எங்ஙனம்? கடைக்காசு வேறு, வீட்டுக்காசு வேறு எனப் பிரித்து வைத்தல் முதற்படி. அடுத்த எட்டு வாரங்களில் வரவேண்டியதையும் கொடுக்கவேண்டியதையும் வாரவாரியாக ஒரு தாளில் எழுதினால், எந்த வாரம் பெட்டி வெறுமையாகும் என்பது முன்னரே புலனாகும். பள்ளி மாணவரும் பெற்றோருக்கு இக்கணக்கை எழுதிக் கொடுக்கலாம். கடனுக்கு ஓர் அளவும் அறுவடையை ஒட்டிய தவணையும் வகுத்தல் வேண்டும். மொத்த வியாபாரியிடமும் அத்தவணையையே கேட்டுப் பெறுதல் நன்று. ஒரு மாதச் சரக்குக்குரிய காசை வங்கியிலே தனியாக வைத்திருப்பவர், பாதை மூடினாலும் விலை ஏறினாலும் சற்று மூச்சுவிடலாம்.

கடனுக்கு அளவு வைப்பது கல்நெஞ்சம் ஆகாதோ எனச் சிலர் கேட்பர். அளவின்றிக் கொடுத்த கடை மூடப்பட்டால், அதனை நம்பிய குடும்பங்கள் வாரத் தவணைக்கு வட்டி கட்டும் கடனையே நாட வேண்டிவரும். கடையின் பெட்டி வற்றாதிருப்பது ஊரின் அடுப்புக்கும் காவலாகும்.