நாலு ஸ்க்ரூவும் ஒரு நெடுநாள் ஆசையும்



இளையராஜா பாட்டு ஒன்றை நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். குரல், வயலின், தபேலா எல்லாவற்றுக்கும் அடியில் கனமான ஒரு சத்தம் தன் வழியில் நடந்து போய்க்கொண்டே இருக்கும். அதுதான் பேஸ் கிடார். பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஆனால் அதை மட்டும் எடுத்துவிட்டால், "என்னமோ குறையுதேப்பா" என்பார்கள்.

இதை வாசிக்கிறவர்களில் பலருக்கு ஒரு தீராத ஆசை உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்த ஒரு ஃபெண்டர் பிரசிஷன் பேஸைச் சொந்தமாக வாங்க வேண்டும் என்பதுதான் அது. இன்று அதன் விலை ஆயிரக்கணக்கான டாலர். பல வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு ஒருவர் அங்கே கடைவாசலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏமாறாமல் தப்பிக்க சங்கீத ஞானம் மட்டும் போதாது. நம்ம ஒர்க்‌ஷாப்பும் நம்ம லேபும் சொல்லிக்கொடுக்கிற விஷயங்கள்தான் அங்கே கைகொடுக்கும். எப்படி? வாங்க, பார்க்கலாம்.

கிடார் வாசிக்கத் தெரியாதவர் செய்த கிடார்

லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். படித்தது கணக்குப்பதிவியல். கிடார் வாசிக்கவும் தெரியாது! அந்தக் காலத்தில் பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வாத்தியம். தூக்கிப் போவதே பெரும்பாடு. அதில் ஃப்ரெட் என்னும் உலோகக் கட்டைகளும் கிடையாது. விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் சுரம் தப்பிவிடும்.

1951-ல் லியோ ஃபெண்டர் தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தந்தியின் நீளம் 34 அங்குலம். ஃப்ரெட் இருப்பதால் சுரம் துல்லியமாக விழும். அதனால்தான் 'பிரசிஷன்' என்று பெயர். ஃப்ரெட் வைக்கும் கணக்கும் எளிதுதான். நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் இடம் கிடைக்கும், அதாவது 1.908 அங்குலம். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் 12-வது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 17 அங்குலத்தில் வந்து நிற்கும்.

1957-ல் இன்னொரு நல்ல மாற்றம் வந்தது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பை இரண்டு காயிலாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு காயிலும் இரண்டு தந்திகளைப் பார்த்துக்கொள்ளும். சுற்றும் எதிரெதிர், காந்த முனையும் எதிரெதிர். அதனால் மின்கம்பிகளிலிருந்து வரும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், தந்தியின் சத்தம் மட்டும் நிற்கும். எலக்ட்ரிகல் நண்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பழசுக்கு ஏன் இந்த மவுசு?

1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதன்பிறகு தரம் குறைந்துவிட்டது என்று வாசிப்பவர்கள் நம்பினார்கள். அதனால் அதற்கு முந்தியவற்றுக்குத் தனி மதிப்பு. போதாததற்கு, டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்துப் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததும் 1962-ஆம் வருஷத்து பிரசிஷன் பேஸ்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் அதே பேஸைத் தேடுகிறார்கள்.

சிக்கலே அந்த நாலு ஸ்க்ரூதான்

லியோ ஃபெண்டர் ரிப்பேர்காரர் புத்தியோடு யோசித்தவர். நெக்கைப் பாடியோடு கோந்து போட்டு ஒட்டவில்லை. நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். நெக் கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டலாம். தயாரிப்புச் செலவும் குறைவு. அருமையான டிசைன்!

ஆனால் 60 வருஷம் கழித்து வாங்குகிறவருக்கு அதுவே தலைவலி. 1962 நெக், 1974 பாடி, நேற்று வாங்கிய பிக்கப் என்று எதையும் எதோடும் சேர்க்கலாம். சீரியல் நம்பரைப் பார்த்தால் போதாதா என்பீர்கள். அந்தக் காலத்து நம்பர் இருப்பதே அந்த நாலு ஸ்க்ரூ பிடித்திருக்கும் பின்பக்கத் தகட்டில்தான்! தகட்டையும் மாற்றிவிடலாமே. ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக வயசு பார்க்க வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவரும் மல்டிமீட்டரும்

1. நெக்கைக் கழற்றினால் அதன் அடிப்பாகத்தில், அந்த வருஷங்களில், தேதி குறித்திருப்பார்கள்.

2. வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் ஒரு எண் இருக்கும். உதாரணம்: 304 6134. இதில் 304 என்பது ஸ்டாக்போல் கம்பெனி, 61 வருஷம், 34 வாரம். (137 என்றால் சி.டி.எஸ். கம்பெனி.) கவனியுங்கள், இது அந்த உதிரிப்பாகத்தின் பிறந்தநாள் மட்டுமே. அந்தப் பாகம் மாற்றப்படாமல் இருந்தால், பேஸ் அதற்கு முன்னால் செய்யப்பட்டதாக இருக்க முடியாது, அவ்வளவுதான். சால்டரிங்கையும் பாருங்கள். பழைய ஜாயிண்டுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் பளபளவென்று மின்னினால், யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

3. ஜாக்கில் ஒரு கார்டைச் செருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். பிரசிஷன் பேஸில் சுமார் 10 கிலோ ஓம் காட்டினால் காயில் நலம். 250 கிலோ ஓம் பக்கம் காட்டினால் காயில் அறுந்துவிட்டது. நீங்கள் அளப்பது வால்யூம் கண்ட்ரோலை மட்டும்தான்.

4. நாலு தந்தியும் சேர்ந்து நெக்கை இழுக்கும் விசை சுமார் 75, 80 கிலோ. அதைத் தாங்க உள்ளே ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி உண்டு. தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் இடைவெளி பாருங்கள். மெல்லிய அட்டை நுழையும் அளவு இருந்தால் சரி. அதிகமாக வளைந்திருந்து ராடும் திரும்ப மறுத்தால், செலவு பெரிது.

5. பலகைக்கும் சட்டம் உண்டு. 1960-களின் நடுப்பகுதி வரை விரல் பலகைக்குப் பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டி விற்க அனுமதிப் பத்திரம் வேண்டும். 1960-களின் நடுப்பகுதிக்குப் பிறகு அந்த இடத்தைப் பிடித்தது இந்திய ரோஸ்வுட், அதாவது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்!

திருட்டுப் பொருளா?

இதை மட்டும் எந்த மீட்டரும் காட்டாது. பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸ், 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. அது அவரிடம் திரும்பி வந்த செய்தி 2024-ல்தான் வெளியானது. ஜாக்கோ பாஸ்டோரியஸின் ஜாஸ் பேஸ் 1986-ல் காணாமல் போய், 2006-ல் நியூயார்க் கடை ஒன்றில் தலைகாட்டியது. அரை நூற்றாண்டு ஆனாலும் உரியவர் வந்து கேட்கலாம். யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற பேப்பர் இல்லாமல் பணம் கொடுப்பது ஆபத்து.

வாங்கலாமா, வேண்டாமா?

எல்லாப் பகுதியும் ஒரே காலத்தது, பெயிண்டும் பழசு என்றால் விலை உச்சத்தில் இருக்கும். மறுபெயிண்ட் அடித்திருந்தாலோ, பிக்கப் மாறியிருந்தாலோ விலை பெரிதாக இறங்கும். கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்ப்பவருக்கு முதல் ரகம். தினமும் வாசிக்கப் போகிறவருக்கு என் ஓட்டு இரண்டாவது ரகத்துக்குத்தான். நெக் நேராக இருந்து, காயில் உயிரோடு இருந்தால், பெயிண்டை யார் காதால் கேட்கப் போகிறார்கள்?

ஒன்று நிச்சயம். ஆசையைத் தள்ளிப்போட்டவருக்கு இன்னும் ஒரு வாரம் பொறுப்பது கஷ்டமில்லை. எனவே "இன்றே எடுத்தால்தான் இந்த விலை" என்று கடைக்காரர் அவசரப்படுத்தினால், முதலில் ஸ்க்ரூ டிரைவரைக் கேளுங்கள். கழற்றிக் காட்டத் தயங்காதவரிடம் மட்டும் பணத்தை எடுங்கள். பழைய பைக்குக்கும் பழைய லேத்துக்கும் கூட இதே விதிதான் நண்பர்களே!