‘தண்ணி ஊத்தி ஓட்டிக்கலாம்’ எவ்வளவு தூரம்? பழைய லாரியில் ஒழுகும் ரேடியேட்டரை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

காலையில் வண்டியை எடுக்கும்போது முன்பக்கம் தரை நனைந்திருக்கிறது. ரேடியேட்டரில் தண்ணி குறைந்திருக்கிறது. ஒரு குடம் ஊற்றினால் சரியாகிவிடுகிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் பழைய லாரியை வைத்துப் பிழைப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ‘இந்த லோடு முடியட்டும், பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவதும் வழக்கம்தான்.

ஒரே ஒரு வண்டியை வைத்து, தானே ஓட்டும் உரிமையாளருக்கு இந்தத் தள்ளிப்போடுதல் பெரிய செலவில் முடியலாம். ரேடியேட்டர் வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். இன்ஜின் ஹெட் வளைந்துவிட்டால் வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும், டியூ மட்டும் நிற்காது.

ஒழுகினால் இன்ஜினுக்கு என்ன ஆகும்?

டீசல் எரிந்து கிடைக்கும் வெப்பத்தில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மீதி புகைக்குழாய் வழியாகவும், இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வழியாகவும் வெளியேறுகிறது. அந்தத் தண்ணீரைக் குளிரவைக்கும் இடம்தான் ரேடியேட்டர்.

ரேடியேட்டர் மூடி உள்ளே இருக்கும் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி 0.5 பார் அழுத்தத்தைத் தாங்கினால், கொதிநிலை சுமார் 111 டிகிரிக்குப் போய்விடும். இந்தப் பதினொரு டிகிரிதான் மேட்டில் லோடோடு ஏறும்போது இன்ஜினைக் காப்பாற்றுகிறது.

சின்ன ஓட்டையாக இருந்தாலும் அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரம் கொதித்து ஆவியாகும். ஆவியால் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தை இழுக்க முடியாது. சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும்போது வரும் தொப்பூர் கணவாய், சத்தியமங்கலத்துக்கு மேலே 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதை போன்ற இடங்களில் வண்டி சின்ன கியரில் ஊர்கிறது. இன்ஜின் முழு பாரத்தையும் இழுக்கும். ஆனால் முன்னால் காற்று வேகமாக வராது. மேலே போகப் போகக் கொதிநிலையும் குறையும். சமவெளியில் சமாளித்த ஒழுகல் மலையில் கைவிடுவது இதனால்தான்.

மீட்டர் முள் ஏமாற்றுமா?

ஏமாற்றும். வெப்பத்தை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான கணக்குச் சொல்லும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் சென்சார் காற்றிலோ ஆவியிலோ நிற்கும். அப்போது இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்க, முள் இறங்கிக்கூட இருக்கலாம். ஏறியிருந்த முள் திடீரென்று விழுந்தால் நிம்மதி அடையக் கூடாது. வண்டியை ஓரங்கட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்

ரேடியேட்டரைக் குற்றம் சொல்லும் முன் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப், வடிகால் குழாய் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் சொட்டினால் பம்ப் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

ரேடியேட்டரைக் கழற்றிய பிறகு, ஒர்க்‌ஷாப்பில் வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்று விடுவார்கள். குமிழ் வரும் இடம்தான் ஓட்டை.

பற்றவைப்பதா, புதுசு போடுவதா?

பழைய லாரிகளில் பெரும்பாலும் செம்பு, பித்தளை ரேடியேட்டர்தான். டேங்க்கும் கோரும் சேரும் இடத்தில் மட்டும் விரிசல் என்றால், சுத்தம் செய்து ஈயம் வைத்துப் பற்றவைத்தால் நன்றாக நிற்கும். நடுவில் ஒன்றிரண்டு டியூப் ஓட்டையானால் அவற்றின் இரண்டு முனைகளையும் ஈயத்தால் அடைத்துவிடுவார்கள். ஒழுகல் நிற்கும். ஆனால் அடைத்த டியூபில் இனி தண்ணீர் ஓடாது. இப்படி ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போனால் ரேடியேட்டர் பார்க்கப் பெரியதாக இருந்தாலும் குளிரவைக்கும் வேலை குறைந்துவிடும்.

தொட்டால் உதிரும் ஃபின், பல இடங்களில் பச்சை பூத்த டியூப், உப்பு அடைத்த கோர் இருந்தால் ஒட்டுப்போடுவது வீண். கோரை மட்டும் மாற்றலாம், அல்லது முழுசாக மாற்றலாம்.

மஞ்சள் தூள் போடுவது, வெளியே எம்-சீல் அப்புவது எல்லாம் பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம் போய்ச் சேரத்தான். தூள் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது. நல்ல டியூபையும் அடைக்கும்.

வாங்கும் முன் அளவு

பழசைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே நல்லது. கோரின் உயரம், அகலம், தடிமன், எத்தனை வரிசை டியூப், ஹோஸ் வாயின் விட்டம், அது எந்தப் பக்கம் இருக்கிறது, போல்ட் துளைகளின் தூரம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். வரிசை குறைந்ததை விலை மலிவு என்று வாங்கினால் வெயில் காலத்தில் தெரிந்துவிடும்.

அலுமினிய கோரும் பிளாஸ்டிக் டேங்க்கும் உள்ளது எடை குறைவு. ஆனால் வழியில் உடைந்தால் சாதாரணக் கடையில் ஈயம் வைத்துச் சரிசெய்ய முடியாது. தூரப் பயணம் போகும் பழைய வண்டிக்கு இதையும் யோசிக்க வேண்டும்.

மாற்றும் முறை

1. இன்ஜின் முழுசாக ஆற வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். இந்த விபத்து இன்றும் நடக்கிறது.

2. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, தண்ணீரைப் பாத்திரத்தில் வடிக்க வேண்டும். வடித்த அளவைக் குறித்துக்கொண்டால் பிறகு நிரப்பும்போது உதவும்.

3. ஹோஸ்கள், ஃபேன் கவர், மேல் தாங்கு கம்பி, கீழ் போல்ட் என்ற வரிசையில் கழற்றலாம். டர்போ வண்டியில் முன்னால் இன்டர்கூலர் இருந்தால் அதையும் தளர்த்த வேண்டியிருக்கும். ஃபேனுக்கும் கோருக்கும் நடுவே ஒரு அட்டையைச் செருகினால் ஃபின் கிழியாது. தூக்க இரண்டு பேர் வேண்டும்.

4. அடியில் இருக்கும் ரப்பர் புஷ்களைப் பாருங்கள். பழைய ரேடியேட்டர் விரிசல் விட்டதற்கு அவையே காரணமாக இருக்கலாம். ரப்பர் கல்லாகிவிட்டால் சேஸிஸ் முறுக்கும் அதிர்வும் நேராக ரேடியேட்டரில் இறங்கும். பழைய ரப்பரிலேயே புதுசை உட்காரவைத்தால் அதே இடத்தில் மறுபடி விரிசல் வரும்.

5. புதுசு மாட்டும் முன் இன்ஜினுக்குள் இருக்கும் சேற்றையும் துருவையும் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். இல்லையென்றால் அது அப்படியே புது டியூபில் போய் அடைக்கும்.

6. ஹோஸ், கிளிப், மூடி, ஃபேன் பெல்ட் நான்கையும் இந்த வேலையோடு பார்த்துவிடுவது லாபம். மூடியில் எழுதியிருக்கும் அழுத்த எண் வண்டிக்குச் சொன்னதாகவே இருக்க வேண்டும். கூடுதல் அழுத்த மூடி போட்டால் பழைய ஹோஸும் ஈயம் வைத்த இடமும் தாங்காது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

‘நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?’ என்று கழற்றிவிடும் பழக்கம் உண்டு. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி மூடும். அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பிவிடும். மற்றபடி, இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரத் தாமதமாகி டீசலும் கூடுதலாகக் குடிக்கும். பழுதானால் மாற்றுவதுதான் சரி.

போர் தண்ணியா, கூலன்ட்டா?

போர் தண்ணீரில் இருக்கும் உப்பு சூட்டில் படிந்து, குடத்தின் அடியில் படிவதுபோல டியூபிலும் படியும். கூலன்ட்டின் வேலை குளிர் நாட்டில் உறையாமல் காப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்தும் அதில் இருக்கிறது. கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்தும். கலக்காத கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு, டப்பாவில் சொன்ன அளவில் கலக்க வேண்டும். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யக் கூடாது, வண்டிக் கையேட்டில் சொன்னதையே வாங்க வேண்டும்.

வடித்த பழைய கூலன்ட்டைத் தரையில் விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயோ ஆடு மாடோ குடித்தால் சிறுநீரகம் கெட்டு இறக்கலாம். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து.

நிரப்பிய பிறகு

மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே காற்று சிக்கினால் புது ரேடியேட்டரும் கொதிக்கும். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் திறந்து, மூடி போடாமல் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, குமிழ் நிற்கும்வரை அளவைச் சரிசெய்ய வேண்டும். பிறகு மூடியைப் போட்டு, லோடு இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டி, முழுசாக ஆறவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். முதல் சில நாட்கள் தினமும் காலையில் அளவு பார்ப்பது நல்லது.

வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போனாலோ, ரேடியேட்டரில் குமிழ் நிற்காமல் வந்தாலோ, புகை வெள்ளையாக வந்தாலோ, ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் அடுத்த லோடை ஏற்றாமல் மெக்கானிக்கிடம் போவதுதான் குறைந்த செலவு.