வயலுக்கும் தொழுவத்துக்கும் இடையே

காவிரிப் படுகையில் நெல்லும் மாடும் நெடுங்காலம் ஒரே பண்ணையத்தின் இரு கூறுகளாக இருந்தன. வயல் தந்த வைக்கோலையும் தவிட்டையும் தின்ற மாடு, உழவையும் எருவையும் வயலுக்குத் தந்தது. நாகப்பட்டினம், திருவாரூர் வட்டாரத்தின் உம்பளச்சேரி இனம் இந்த உறவில் உருவானது. குட்டையான, உறுதியான கால்களை உடைய இம்மாடுகள் ஆழச் சேற்றில் உழுவதற்குப் பேர்பெற்றவை என்பதோடு, பால் குறைவாகத் தந்தாலும் வைக்கோலையும் வரப்புப் புல்லையும் கொண்டே காலந்தள்ளக்கூடியவை.

நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சும் சாம்பல்சத்தில், அதாவது பொட்டாசியத்தில், பெரும்பகுதி மணியில் சேராமல் வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே வைக்கோலை வெளியூருக்கு விற்பவர் மண்ணின் சத்தையும் சேர்த்தே விற்கிறார். அதை மாட்டுக்கு இட்டால் அந்தச் சத்தின் பெரும்பங்கு சாணத்திலும் கோமியத்திலும் வெளிவந்து, வயலுக்குத் திரும்பும் வாய்ப்பைப் பெறுகிறது. சாம்பல்சத்து மிகுதியாக வெளியேறுவது கோமியத்தில்தான் என்பதையும், பல வீடுகளில் சாணம் மட்டும் அள்ளப்பட்டுக் கோமியம் வீணே ஓடிவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தொழுவத்தில் கூளம் பரப்பி அதில் கோமியத்தை ஊறவைத்துக் குப்பைக்குழியில் சேர்க்கும் பழைய வழக்கத்தின் அருமை புலப்படும். இவ்வாறு மட்கிய தொழுவுரத்தை எக்டேருக்கு 12.5 டன் இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. நன்கு மட்காத எருவை நீர் தேங்கிய வயலில் இட்டால், புவியை வெப்பமாக்கும் மீத்தேன் வாயு மிகுதியாக வெளியேறும்.

வைக்கோல் முழுமையான தீவனம் அன்று. அதில் புரதம் ஏறத்தாழ 3 முதல் 4 விழுக்காடுதான், மணற்சத்தாகிய சிலிக்காவோ மிகுதி. 100 கிலோ வைக்கோலில் 4 கிலோ யூரியாவைத் தேவையான நீரில் முழுவதும் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால், அதிலிருந்து உண்டாகும் அம்மோனியா நாரை இளக்கிச் செரிமானத்தை எளிதாக்கும். இதை ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கலாகாது. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே ஈரத்தில் விதைக்கப்படும் உளுந்தும் பயறும் வைக்கோலின் புரதக் குறையை வேறு வழியில் ஈடுசெய்கின்றன. அவற்றின் கொடி வைக்கோலைவிடப் புரதம் மிக்கது, வேர்முண்டுகளோ காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துகின்றன.

டிராக்டர் வந்தபின் உழவுமாட்டின் தேவை சுருங்கியது. அறுவடை இயந்திரமோ வைக்கோலை நசுக்கி வயலெங்கும் சிதறவிடுவதால், கட்டும் இயந்திரத்துக்கு வாடகை கொடுக்க இயலாத சிறு உழவருக்குத் தம் வயல் வைக்கோலே எட்டாப் பொருளாகிவிடுகிறது. இயந்திரங்களை விலக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆயினும், உழவுக்கு இல்லாவிட்டாலும் எருவுக்காகவும் பாலுக்காகவும் மாடு பண்ணையத்தில் நிலைத்திருக்க வேண்டுமானால், கறவை மாட்டுக்கு மானியம் வழங்குவதோடு நின்றுவிடாமல், வைக்கோல் கட்டும் இயந்திரங்களைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் குறைந்த வாடகைக்கு அளிக்கவும், ஊர்ப்பொது மேய்ச்சல் நிலங்களை மீட்கவும் அரசு முன்வர வேண்டும்.