பிழைச் செய்தியின் வாயை அடைக்காதீர்கள்

2020 செப்டம்பர் 25-லிருந்து அக்டோபர் 2 வரையிலான எட்டு நாட்களில், இங்கிலாந்தில் கொரோனா தொற்று உறுதியான 15,841 பேரின் விவரங்கள் அரசின் கணக்கில் ஏறவே இல்லை. பரிசோதனைக் கூடங்கள் முடிவுகளைச் சரியாகத்தான் அனுப்பியிருந்தன. பொதுச் சுகாதார அமைப்பு அந்தக் கோப்புகளை எக்செல்லின் பழைய வடிவத்தில் ஏற்றி, அங்கிருந்து மையத் தரவுத்தளத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் கொள்ளும். ஒவ்வொருவரின் முடிவும் பல வரிசைகளைப் பிடித்ததால் தாள் சீக்கிரமே நிரம்பிவிட்டது. அதற்குமேல் வந்தவை விடுபட்டுப்போயின. தொற்று இருப்பது அந்த 15,841 பேருக்கும் தெரிவிக்கப்பட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து எச்சரிக்க வேண்டிய பிரிவுக்கு அவர்களுடைய பெயர்கள் போய்ச் சேரவில்லை. அத்தனை நாளும் வேலை ஒழுங்காக நடப்பதுபோலவே தெரிந்தது.

மென்பொருள் எழுதுகிறவர்களும் அதைப் பயன்படுத்துகிறவர்களும் தரவுத்தளச் சிக்கல் என்றதும் நினைப்பது வேறொன்றை. இணைப்புக் கிடைக்கவில்லை, திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ வருகிறது, கவுன்டரில் இருப்பவர் "சர்வர் டவுன் சார், அப்புறம் வாங்க" என்கிறார். இதைத்தான் கோளாறு என்கிறோம். இந்தக் கோளாறு எரிச்சலூட்டும், நேரத்தைத் தின்னும். ஆனால் எதையும் மறைக்காது. எனக்கு முடியவில்லை என்று தரவுத்தளம் வெளிப்படையாகச் சொல்கிற நேரம் அது. முடியாததை முடிந்ததுபோலக் காட்டும்போதுதான் ஆபத்து. இணைப்புச் சிக்கலானாலும் தரவு ஏற்றும் சிக்கலானாலும், பெரிய சேதங்களில் பல, பிழைச் செய்தி வராமல் போனதாலோ, வந்த செய்தியை யாரோ வாயடைத்ததாலோ விளைந்தவை என்பது என் வாதம்.

முதலில் இணைப்பைப் பார்ப்போம். ஒரு நிரல் தரவுத்தளத்தோடு பேசுவதற்குமுன் சில படிகளைத் தாண்ட வேண்டும். சர்வரின் முகவரி தெரிய வேண்டும். அந்தக் கணினியில் எந்தப் போர்ட்டைத் தட்டுவது என்று தெரிய வேண்டும். தரவுத்தள மென்பொருள் மைஎஸ்கியூஎல் என்றால் வழக்கமாக 3306, போஸ்ட்கிரெஸ் என்றால் 5432. பிறகு பயனர்பெயர், பாஸ்வேர்ட். அதன்பின் எந்தத் தரவுத்தளம், அதில் நமக்கு என்ன உரிமை என்ற கேள்வி. எந்தப் படியில் தடுக்கினோமோ அதற்கேற்பச் செய்தி மாறும். "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்று உடனே வந்தால், பெரும்பாலும் கணினிவரை போய்விட்டோம், அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை என்று பொருள்: தரவுத்தளம் ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது, அல்லது தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே கேட்கும்படி அமைத்திருக்கிறார்கள். நெடுநேரம் காத்திருந்து "டைம்அவுட்" என்று வந்தால் கதை வேறு. முகவரி தப்பாக இருக்கலாம், நடுவில் ஒரு ஃபயர்வால் நம் அழைப்பைப் பதிலில்லாமல் விழுங்கியிருக்கலாம். "ஆக்சஸ் டினைடு" என்றால் மகிழ்ச்சியே அடையலாம். வழி முழுதும் சரி, சாவிதான் சரியில்லை. மைஎஸ்கியூஎல்லில் அந்தச் செய்தியிலேயே பயனர்பெயரும் எந்தக் கணினியிலிருந்து வந்தார் என்பதும் இருக்கும். ஒரே பயனர்பெயர், உள்ளிருந்து வந்தால் ஒரு கணக்காகவும் வெளியிலிருந்து வந்தால் வேறு கணக்காகவும் இருக்கக்கூடும் என்பதால் அந்த இரண்டாவது விவரம் பாஸ்வேர்டைப் போலவே முக்கியம். இவ்வளவையும் ஒரே வரியில் சொல்லிவிடும் செய்தியைப் படிக்காமல் ஜன்னலை மூடிவிட்டு, சர்வரை அணைத்துப் போட்டுப் பார்ப்பதுதான் பல அலுவலகங்களில் முதல் வைத்தியம்.

இரண்டாவது வைத்தியம் இன்னும் மோசம்: தடுப்பது எதுவோ அதை எடுத்துவிடுவது. ஃபயர்வாலை நிறுத்து, எல்லா முகவரியிலிருந்தும் வரும் அழைப்பை ஏற்கச் சொல், எல்லா உரிமையும் கொண்ட ரூட் பயனருக்கு எங்கிருந்தும் நுழைய அனுமதி கொடு. இணைப்பு உடனே கிடைத்துவிடும், சிக்கல் தீர்ந்தது என்றும் தோன்றும். இப்படித் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதை மாங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருள் காட்டியது. அதன் தொடக்ககாலப் பதிப்புகள், வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், எந்தத் திசையிலிருந்து வரும் அழைப்பையும் பாஸ்வேர்ட் கேட்காமலே ஏற்றன. இணைப்பதில் சிரமமே இருக்காது. புதிதாகக் கற்பவர்களுக்கு அது பெரிய வசதி. 2017 ஜனவரி வாக்கில் இணையத்தில் திறந்து கிடந்த பல்லாயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்களுக்குள் புகுந்து, இருந்ததை அழித்துவிட்டு, திருப்பித் தர வேண்டுமானால் பிட்காயின் அனுப்பு என்று ஹேக்கர்கள் ஒரு குறிப்பை வைத்துவிட்டுப் போனார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த 3.6 பதிப்பிலிருந்து, தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்பதே அதன் இயல்பான அமைப்பானது. அதாவது, புதியவர் ஒருவர் வெளியிலிருந்து இணைக்கப் பார்த்தால் இப்போது மறுப்புத்தான் வரும். அந்த மறுப்பு வேண்டும்.

சோதனைக் கணினியில் திறந்து வைத்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. சோதனைக் கணினியோடு அது நின்றால் பாதகமில்லைதான். ஆனால் அமைப்புக் கோப்புகள் நகலெடுக்கப்படும் இயல்புடையவை. அவசரத்தில் எழுதிய நான்கு வரிகள் அப்படியே உண்மையான சர்வருக்குப் போய்விடுகின்றன. அந்த வரிகள் எந்தப் பிழையும் காட்டாதவை என்பதால், அவற்றைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் காரணமே இருப்பதில்லை. "இணைப்புகள் மிகுந்துவிட்டன" என்ற செய்திக்கும் இதே கதிதான் நேர்கிறது. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளையும் மைஎஸ்கியூஎல் 151 இணைப்புகளையும் அனுமதிக்கின்றன. அந்த எண்ணைக் கூட்டிவிட்டால் செய்தி மறையும்; திறந்த இணைப்பை மூடாமல் விட்டுக்கொண்டே போகும் நிரல் அப்படியே இருக்கும், சில வாரங்களில் புதிய எல்லையையும் தொடும்.

இணைப்பைவிடத் தரவு ஏற்றுவதில்தான் என் கவலை அதிகம். இணைப்பில் பொய் சொல்வது கடினம். கிடைக்கும் அல்லது கிடைக்காது. ஏற்றுவதில் பாதி உண்மை சாத்தியம். பெரும்பாலான தரவு இன்றும் காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பாக, சிஎஸ்வி என்ற வடிவத்தில், கைமாறுகிறது. எது எண், எது தேதி, எது பெயர் என்று அந்தக் கோப்பு சொல்வதில்லை. திறக்கிற மென்பொருள் ஊகித்துக்கொள்ள வேண்டும், எக்செல் அதைத் தயங்காமல் செய்கிறது. பூஜ்யத்தில் தொடங்கும் ஊழியர் எண்ணிலிருந்து பூஜ்யம் உதிர்ந்துவிடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால், 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அது இன்னொருவரின் கணக்கு எண்ணாகக்கூட இருக்கலாம்.

தேதியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். நம் வழக்கப்படி 03/04/2024 என்றால் ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் அமைக்கப்பட்ட கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் அது மார்ச் 4 ஆகிவிடும். 25/04/2024 என்ற தேதிக்கோ அங்கே பொருளில்லை, 25-வது மாதம் கிடையாதே. அதனால் அது வெறும் எழுத்தாக அப்படியே கிடக்கும். இந்தக் கோப்பைத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது 12-ம் தேதிக்கு மேற்பட்டவை "தேதி சரியில்லை" என்று நிராகரிக்கப்படும். ஏற்றுபவர் என்ன செய்வார்? நிராகரிக்கப்பட்டவற்றைக் கோளாறானவை என்று ஒதுக்கிவிட்டு மீதியை ஏற்றிவிடுவார். நடந்தது என்னவென்றால், நிராகரிக்கப்பட்டவைதான் சரியான தேதிகள். பிழையில்லாமல் உள்ளே போனவை, நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்த சிலவற்றைத் தவிர, அத்தனையும் தப்பு. அந்தப் பிழைச் செய்தி ஒதுக்கப்பட்ட வரிசைகளைப் பற்றியதல்ல, கோப்பு முழுவதையும் பற்றியது என்று உணர்ந்தவருக்கு மட்டுமே இது தெரியும்.

தமிழ்ப் பெயர்களுக்கு நேர்வதும் இப்படித்தான். தமிழ்ச்செல்வி என்ற பெயரில் நம் கணக்குப்படி ஏழு எழுத்துகள். யூனிகோடில் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள் என்பதால் கணினிக்கு அவை 13. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வீதம் 39 பைட். பெயருக்குப் பத்து எழுத்து போதும் என்று ஒருவர் பத்தியை அமைத்திருந்தால், கண்டிப்பில்லாமல் ஓடும் மைஎஸ்கியூஎல் அந்தப் பெயரை "தமிழ்ச்செல" என்று வெட்டி உள்ளே வைத்துக்கொள்ளும். ஓர் எச்சரிக்கையை மட்டும் ஓரமாகப் பதிவு செய்யும். அதைத் தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும். பத்தியே லத்தீன் எழுத்துகளுக்கென்று அமைக்கப்பட்டிருந்தால் பெயர் முழுதும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். இதில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. திரையில் பெயர் புரியாத லத்தீன் எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் பெரும்பாலும் பைட்டுகள் பத்திரமாக இருக்கும். இணைப்பு எந்த எழுத்துமுறையில் பேசுகிறது என்பதுதான் தப்பு, மீட்டுவிடலாம். கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்பட்டுவிட்டால் பெயர் போனது போனதுதான், மூலக் கோப்பு இருந்தால் மட்டுமே திரும்பக் கிடைக்கும். கண்டிப்பு முறை இயங்கியிருந்தால், வெட்டுப்பட்ட பெயர், கேள்விக்குறியான பெயர் ஆகிய இரண்டு வரிசைகளையுமே மைஎஸ்கியூஎல் ஏற்க மறுத்திருக்கும். 2015-ல் வந்த 5.7 பதிப்பிலிருந்து அந்தக் கண்டிப்பே இயல்பான அமைப்பு. இருந்தும், பழைய நிரல் ஓடவில்லை என்ற காரணத்துக்காக அதை அணைத்துவிடும் யோசனை இன்றும் தாராளமாகக் கைமாறுகிறது. பழைய நிரல் ஓடாததற்குக் காரணம், அது இத்தனை காலமும் தப்பான தரவை அனுப்பிக்கொண்டிருந்தது என்பதாக இருக்கலாம் அல்லவா?

இவ்வளவு கண்டிப்பு நடைமுறைக்கு ஒத்துவராது என்பது நியாயமான ஆட்சேபணை. லட்சம் வரிசைகளில் ஒன்று கோணலாக இருப்பதற்காக மீதி அத்தனையும் நிற்க வேண்டுமா, மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போக வேண்டாமா என்று கேட்பார்கள். நிற்க வேண்டியதில்லை. கோப்பை முதலில் எல்லாப் பத்தியும் வெறும் எழுத்தாக உள்ள ஓர் இடைக்கால அட்டவணையில் ஏற்றிக்கொள்ளலாம். அங்கே சோதித்து, தேறியவற்றை உண்மையான அட்டவணைக்கும் தேறாதவற்றைக் காரணத்தோடு தனி அட்டவணைக்கும் அனுப்பலாம். இந்த நகர்வு முழுவதையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்தால், நடுவில் மின்சாரம் போனாலும் பாதி ஏறிய நிலை வராது. எல்லாம் ஏறும், அல்லது எதுவும் ஏறாது. தேறாதது ஒன்றிரண்டு என்றால் கையால் திருத்தலாம். நூற்றுக்கு அறுபது என்றால் கோப்பின் அடிப்படையே தப்பு என்று புரியும். பிழையை விழுங்குவதும் வேலையை முடக்குவதும் என்று இரண்டே வழி இருப்பதாக எண்ணுவதால்தான் விழுங்குவதைத் தேர்ந்தெடுக்கிறோம்.

இன்னொரு ஆட்சேபணை, இதெல்லாம் எக்செல்லைச் சரியாகக் கையாளத் தெரியாதவர்களின் குறை, மென்பொருளின் குறை அல்ல என்பது. மரபணு ஆய்வாளர்களின் அனுபவம் இதை மறுக்கிறது. மார்ச்1, செப்ட்2 என்ற சுருக்கக் குறியீடு கொண்ட மரபணுக்களை எக்செல் தேதிகளாக மாற்றிவிடும். எக்செல் வடிவில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-ல் ஜீனோம் பயாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வு கண்டது. அவற்றை எழுதியவர்கள் படித்த விஞ்ஞானிகள், பார்த்துச் சரி என்றவர்களும் விஞ்ஞானிகள். கடைசியில், மரபணுக்களுக்குப் பெயர் நிர்ணயிக்கும் குழு 2020-ல் வெளியிட்ட விதிமுறைகளில் அந்தக் குறியீடுகளையே மாற்றிவிட்டது. இப்படித் தானாக மாற்றுவதை நிறுத்திக்கொள்ளும் வசதி எக்செல்லில் 2023-ல்தான் வந்தது. கவனமாக இருங்கள் என்று மனிதர்களிடம் சொல்லி இந்தப் பிழை நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் கவனிப்பது?

ஆகவே நிரல் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிழையைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும் அந்த வெற்று அடைப்புக்குறிகளை எழுதாதீர்கள். தோற்ற வரிசையைத் தாண்டிப் போகச் சொல்லும் கட்டளையைப் பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால், எத்தனையைத் தாண்டியது என்று எண்ணி எழுதி வையுங்கள். கணினியை அலுவலகத்தில் வெறுமனே பயன்படுத்துகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. திரையில் பிழை வந்தால் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாமல், அந்தச் செய்தியை முழுதாக, எண்ணோடு, நகலெடுத்து அனுப்புங்கள். "எல்லாம் ஏறிவிட்டது" என்று யாராவது சொன்னால், கோப்பில் எத்தனை வரிசை இருந்தது, உள்ளே எத்தனை போனது, தொகைப் பத்தியின் கூட்டல் இரண்டு பக்கமும் ஒன்றா என்று கேளுங்கள். பதில் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது.