கிளைக்கடையின் கணக்கு: அலையன்ஸ் எயார் கதை

சந்தியில் ஒரு பெரிய கடையும், உள்ளூரில் அதற்கொரு சிறிய கிளையும் வைத்திருக்கும் முதலாளிமார் நம்மில் பலர். கிளைக்கடையின் கணக்கைத் தனியாக எடுத்துப் பார்த்தால் மாதக் கடைசியில் நட்டமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே சீனியும் மாவும் வாங்கப் பழகியவர்தான் கல்யாணச் சாமான் எடுக்கப் பெரிய கடைக்கு வருகிறார். அந்த இலாபம் கிளையின் கொப்பியில் ஏறுவதில்லை. விமானத் தொழிலில் இப்படியான கிளைக்கடைகள்தான் சிறு நகரங்களை இணைக்கும் சிறிய விமானக் கம்பனிகள். இந்தியாவின் அலையன்ஸ் எயார் இதற்கு நல்ல உதாரணம்.

இந்தியாவில் இந்த முயற்சி புதிதல்ல. இந்தியன் எயார்லைன்ஸும் எயார் இந்தியாவும் சேர்ந்து 1981இல் வாயுதூத் என்ற கம்பனியை ஆரம்பித்தன. வடகிழக்கு மாநிலங்களை இணைப்பதுதான் நோக்கம். ஆனால் எல்லா அரசியல்வாதிக்கும் தன் ஊருக்கு விமானம் வேண்டியிருந்தது. ஆளில்லாத ஊருக்கெல்லாம் பறந்து பறந்து கடனில் விழுந்த வாயுதூத்தை 1993இல் இந்தியன் எயார்லைன்ஸோடு இணைக்கத் தீர்மானித்தார்கள்.

அலையன்ஸ் எயார் 1996இல் இந்தியன் எயார்லைன்ஸின் துணைக் கம்பனியாகப் பிறந்தது. தாய்க் கம்பனியின் பழைய போயிங் 737-200 விமானங்களை வாங்கிக்கொண்டு, ஒப்பந்தத்தில் ஆட்களை எடுத்துச் செலவைக் குறைத்து ஓட்டுவது திட்டம். 2000 ஜூலை 17இல் பட்னாவில் தரையிறங்க வந்த அதன் போயிங் ஒன்று குடியிருப்பில் விழுந்து, தரையில் இருந்தவர்கள் உட்பட 60 பேர் இறந்தனர். இருபது வருடம் பறந்த விமானம் அது. விமானிகளின் தவறே காரணம் என்றது விசாரணை.

பின்னர் பிரான்ஸ், இத்தாலி கூட்டுத் தயாரிப்பான ஏ.டீ.ஆர். விமானங்கள் வந்தன. முதலில் 48 ஆசனமுள்ள ஏ.டீ.ஆர். 42, பிறகு 70 ஆசனமுள்ள ஏ.டீ.ஆர். 72. காற்றாடி சுழலும் விமானம் என்று இதைச் சிலர் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. வியாபாரி அப்படிப் பார்க்கக் கூடாது. குறுந்தூரத்துக்கு ஜெட்டை விட மிகக் குறைந்த எண்ணெயில் ஓடும். குட்டை ஓடுபாதையிலும் இறங்கும். இந்தியாவில் 80 ஆசனத்துக்குக் குறைந்த உள்நாட்டு விமானங்களுக்கு அரசாங்க விமான நிலையங்களில் தரையிறங்கும் கட்டணமும் இல்லை. மாநிலங்கள் சில விமான எண்ணெய்க்கு 25 சதவீதத்துக்கும் மேல் வரி போட்ட காலத்திலும், 40 தொன்னுக்குக் குறைந்த விமானங்களுக்கு 4 சதவீதம்தான். இந்தத் தொழிலில் இப்படி மிச்சம் பிடிப்பதுதான் உயிர்.

இதன் பயனைப் பார்க்க வேண்டுமானால் லட்சத்தீவைப் பாருங்கள். அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலானோர் எமது சகோதர முஸ்லிம்கள். கொச்சியிலிருந்து கப்பலில் போவதானால் ஒரு இரவையாவது கடலில் கழிக்க வேண்டும். அகத்தி தீவின் சின்ன ஓடுபாதைக்கு அலையன்ஸ் எயார் ஒன்றரை மணித்தியாலம் போல எடுக்கும். நோயாளியும் வெளிநாடு போகிறவரும் அதிலேறிக் கொச்சிக்கு வந்து அங்கிருந்து பெரிய விமானம் பிடிப்பார்கள். அந்தப் பெரிய விமானத்தின் டிக்கட்டில்தான் தாய்க் கம்பனிக்கு உழைப்பு.

2017 ஏப்ரல் 27இல் உடான் திட்டத்தின் முதல் விமானமாக சிம்லாவிலிருந்து டில்லிக்குப் பறந்ததும் இதே கம்பனிதான். ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு 2,500 ரூபா என்று ஏறக்குறைய பாதி ஆசனங்களுக்கு அரசு விலை கட்டியது. குறைகிற தொகையை மூன்று வருடங்களுக்கு மானியமாகக் கொடுத்தது. பெரிய நகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்களில் அறவிட்ட பணம் அது. பட்டணத்தான் கொடுத்து நாட்டுப்புறத்தான் பறந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் முடிந்த பின் சொந்தக் காலில் நிற்க முடியாமல் நின்றுபோன பாதைகள் பல.

அலையன்ஸ் எயாருக்குப் பெரிய சோதனை 2022இல் வந்தது. அவ்வருடம் ஜனவரி 27இல் எயார் இந்தியா டாட்டாவின் கைக்குப் போனது. எயார் இந்தியா எக்ஸ்பிரஸும் கூடவே போனது. அலையன்ஸ் எயார் அந்த விற்பனையில் சேரவில்லை. அரசின் கையிலேயே தங்கி, ஏப்ரல் 15 முதல் டிக்கட், கவுண்டர், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் தனியாக அமைத்துக்கொண்டது. பெரிய கடையை விற்றுவிட்டுக் கிளையை மட்டும் வைத்திருப்பது போல. வரும் வாடிக்கையாளரை அனுப்பப் பெரிய கடை இல்லை; வாடகையும் சம்பளமும் மட்டும் அப்படியே இருக்கின்றன. சம்பளப் பிரச்சினையில் விமானிகள் வேலைநிறுத்தம் வரை போனதும் அந்த வருடம்தான்.

யாழ்ப்பாணம் பலாலிக்கும் சென்னைக்கும் 2019 நவம்பர் 11இல் சேவையை ஆரம்பித்தவர்களும் இவர்களே. 1947இல் எயார் சிலோன் தன் முதல் பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் மெட்ராசுக்குப் பறந்தது என்பதை இளைய வியாபாரிகள் அறிந்திருக்கமாட்டார்கள். பலாலியின் ஓடுபாதை சுமார் 1,400 மீற்றர்தான் என்பதால் ஏ.டீ.ஆர். போன்றதுதான் தோது. 2020 மார்ச்சில் கொரோனா நிறுத்தியது. 2022 டிசம்பர் 12இல் மீண்டும் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து புடவை எடுக்கச் சென்னை போகிறவருக்குக் கட்டுநாயக்க வரை இறங்கும் பஸ் பயணமும் ஒரு நாளும் மிச்சம்.

2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோவும் அதே சென்னை–யாழ்ப்பாணப் பாதையில், அதே வகை ஏ.டீ.ஆர். விமானத்தோடு இறங்கியது. ஆசனமும் தூரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இண்டிகோவில் ஏறியவர் சென்னையில் இறங்கி மும்பாய்க்கோ டில்லிக்கோ அதே கம்பனியின் டிக்கட்டிலேயே போகலாம். அவர்களுக்குப் பெரிய கடை சென்னையிலேயே திறந்திருக்கிறது.