முட்டுக்காடு பாலம், காலை 5.40, பஞ்சர்... புதுசா ரோடு பைக் வாங்கியவர்கள் முதலில் எதற்குச் செலவு செய்யணும்?

ரோடு பைக் வாங்கி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. திருவான்மியூரில் கிளம்பி, ஈசிஆரில் உத்தண்டி டோல் தாண்டி, முட்டுக்காடு பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பின் சக்கரத்தில் 'புஸ்ஸ்'. மணி 5.40. இன்னும் சரியாக விடியவில்லை. பையில் புது டியூப் இருந்தது. யூடியூபில் நாலு வீடியோ பார்த்த தைரியமும் இருந்தது. அரை மணி நேரம் போராடி டியூபை மாற்றி, கையெல்லாம் செயின் கறையோடு கிளம்பினால், முந்நூறு மீட்டர்கூடப் போகவில்லை. மறுபடியும் 'புஸ்ஸ்'.

இருந்த ஒரே டியூபும் போச்சு. ஆப்பில் டாக்ஸி போட்டால், "சைக்கிளா? ஏத்த முடியாது மேடம்" என்று வரிசையாக கேன்சல். சாலையோரத்தில் ஒரு பஞ்சர் கடை கண்ணுக்குத் தெரிந்தது, பூட்டியிருந்தது. பக்கத்திலேயே நூறு கி.மீ. வேகத்தில் கார்கள் பறக்க, தனியாக நிற்பது அவ்வளவு சுகமான அனுபவம் இல்லை. கடைசியில் அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு சார் சைக்கிளை நிறுத்தினார். அவர் டியூபைத் தொடவே இல்லை. முதலில் கேட்டது இதைத்தான்: "டியூபை விடும்மா, டயருக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. ஒரு பழைய சாக்ஸை டயரின் உட்பக்கமாகச் சுற்றித் தேய்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நூல் மாட்டியது. முடி மாதிரி ஒரு கம்பி, அரை சென்டிமீட்டர்கூட இருக்காது. "இதை உள்ளேயே வெச்சுக்கிட்டு பத்து டியூப் மாத்தினா, பத்தும் போகும்."

அந்தக் கம்பி எங்கிருந்து வருது?

லாரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது, அவற்றுக்குள் இருக்கும் எஃகு இழைகள் சாலை ஓரத்தில் உதிர்ந்து கிடக்கின்றன. வாகனங்கள் ஓடும் இடத்திலிருந்து எல்லாக் குப்பையும் காற்றில் தள்ளப்பட்டு ஒதுங்குவதும் அதே ஓரத்தில்தான். நாம் 'பாதுகாப்பா ஓரமா போவோம்' என்று ஓட்டுவதும் அங்கேதான். ஞாயிறு காலை என்றால் சனிக்கிழமை ராத்திரி உடைந்த பாட்டில்களும் போனஸ். மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். ஓரத்தில் குப்பை அடித்து வந்து சேர்ந்திருக்கும், ஈரமான ரப்பரை கண்ணாடிச் சில்லு சுலபமாகக் கிழிக்கும். அதனால் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மணலும் சில்லுமாக இருக்கும் பகுதியில் நுழையாமல், அதற்குச் சற்று வலப்பக்கம், நேர்கோட்டில் ஓட்டுங்கள். பின்னால் வருபவருக்கும் நீங்கள் எங்கே போவீர்கள் என்று தெரியும்.

நம்ம தெரு பஞ்சர் கடையில் ஏன் நடக்காது?

சைக்கிள் நமக்குப் புதுசு இல்லை. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ தயாரித்த டிஐ சைக்கிள்ஸ் 1949-லேயே சென்னையில் தொடங்கிய நிறுவனம். தெருவுக்கு ஒரு பஞ்சர் கடை இருந்த ஊர் இது. ஆனால் அந்தக் கடை அண்ணனின் கை பழகியது வேறு சக்கரத்துக்கு.

முதல் சிக்கல் '28'. ரோடு பைக் டயரில் '700x28சி' என்று போட்டிருக்கும். அந்த 28 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். நீங்கள் கடையில் போய் "28 டியூப் குடுங்கண்ணே" என்றால், அவர் தாத்தா காலத்து பெரிய சைக்கிளின் 28 இஞ்ச் டியூபை எடுத்து நீட்டுவார். அந்த ரிம்மின் விட்டம் 635 மி.மீ., ரோடு பைக் ரிம் 622 மி.மீ. அகலமும் ஏகத்துக்கு வித்தியாசம். டயரின் பக்கச் சுவரில் '28-622' என்று சின்னதாக இருக்கும். அதை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள், டியூப் வாங்கும்போது குழப்பமே வராது.

இரண்டாவது சிக்கல் வால்வு. சாதா சைக்கிளில் வால் டியூப் போட்ட பழைய வகை. பைக், காரில் இருப்பது தடிமனான ஷ்ரேடர். ரோடு பைக்கில் ஒல்லியாக, தலையில் குட்டித் திருகோடு இருப்பது பிரெஸ்டா. இந்தத் திருகைத் தளர்த்தி, ஒருமுறை அழுத்தி 'ப்ஸ்' என்று வந்த பிறகுதான் காற்று ஏறும். இதைத் தெரியாமல் "பம்ப் ரிப்பேர்" என்று கடைக்குத் திருப்பி எடுத்துப்போன ஆட்கள் உண்டு (பெயர் வேண்டாமே). பிரெஸ்டாவை ஷ்ரேடராக மாற்றும் பித்தளை அடாப்டர் ஒன்று விரல் நுனி அளவில் கிடைக்கும். அது இருந்தால் பெட்ரோல் பங்க் காற்றே அவசரத்துக்குப் போதும். ஆனால் ரோடு பைக் டியூப் ரொம்பச் சின்னது, சில நொடியில் நிரம்பிவிடும். மெஷினை மாட்டிவிட்டு போன் பார்க்காதீர்கள்.

உங்கள் ரிம் ஆழமானதா? அப்படியானால் வால்வின் நீளத்தையும் கேட்டு வாங்கணும். 48 மி.மீ. வால்வு ஆழமான ரிம்மில் வெளியே எட்டிப்பார்க்கவே பார்க்காது. 60, 80 மி.மீ. வால்வு போட்ட டியூப்களும் வருகின்றன.

முதல் செலவு: ஃப்ளோர் பம்ப்

புதுசாக வருபவர்கள் பெரும்பாலும் வாங்கும் வரிசை இது: ஜெர்சி, கூலிங் கிளாஸ், ஜிபிஎஸ் மீட்டர், கிளிப் ஷூ. பம்ப்? "ஃப்ரெண்ட்கிட்ட இருக்கு." என் பார்வையில் இந்த வரிசையைத் தலைகீழாக்கணும். ஹெல்மெட்டும் பின்னால் சிவப்பு விளக்கும் பேச்சுக்கே இடமில்லாதவை. இருட்டில் கிளம்புகிறவர்களுக்கு முன் விளக்கும் சேர்த்து. அதற்கு அடுத்து, பிரஷர் காட்டும் மீட்டரோடு ஒரு ஃப்ளோர் பம்ப்.

காரணம் எளிமையானது. டியூப் ஓட்டையே இல்லாவிட்டாலும் காற்றை மெதுவாக விட்டுக்கொண்டேதான் இருக்கும். ஒல்லியான டயரில் காற்று குறைவாக இருந்து பள்ளத்தில் இறங்கினால், ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ஓட்டை விழும். முள்ளும் இல்லை, கம்பியும் இல்லை, முழுக்க நம்ம சோம்பேறித்தனம். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு" என்பது கணக்கில் சேராது. 50 பிஎஸ்ஐயும் 80 பிஎஸ்ஐயும் விரலுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

எவ்வளவு அடிக்கலாம்? 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் 70 முதல் 80 பிஎஸ்ஐயில் ஆரம்பிக்கலாம். எடைக்கேற்ப ஏற்றி இறக்கி, உங்களுக்கு ஒத்துவருவதைக் கண்டுபிடியுங்கள். முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், எடை அதிகம் விழுவது பின்னால்தான். டயரில் அச்சிட்டிருக்கும் எண் அதிகபட்ச அளவு, அதுவரை அடித்தே ஆகணும் என்று அர்த்தம் இல்லை. ஹுக்லெஸ் ரிம் என்றால் மட்டும் கண்டிப்பு: 72.5 பிஎஸ்ஐயைத் தாண்டக்கூடாது.

உடை விஷயத்தில் ஒன்றே ஒன்று: பேட் வைத்த ஷார்ட்ஸ். அதற்குள் உள்ளாடை போடக்கூடாது, தையல் உரசித்தான் புண்ணாகிறது. கையுறை விழும்போது உள்ளங்கையைக் காப்பாற்றும். கிளிப் ஷூவை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கலாம். சிக்னலில் நின்ற இடத்திலேயே, காலைக் கழற்ற முடியாமல், பஸ் ஸ்டாப்பே பார்க்க சாய்ந்து விழுவது எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும். டிராஃபிக் பழகிய பிறகு நடக்கட்டுமே.

சீட்டுக்கு அடியில் உள்ள பை

ரெண்டு டியூப் (ஒன்று போதாது என்பது மேலே சொன்ன கதை). ரெண்டு பிளாஸ்டிக் லீவர். ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பேனரும் வைத்து நெம்பினால் ரிம்மும் போகும், டியூபும் போகும். பேட்ச் கிட், 4, 5, 6 மி.மீ. அலன் கீ உள்ள மல்டி டூல், அந்தப் பித்தளை அடாப்டர். டியூபைப் பழைய சாக்ஸில் போட்டு வையுங்கள். மல்டி டூலோடு உரசி பைக்குள்ளேயே ஓட்டை விழாது, டயரைத் துடைத்துப் பார்க்கவும் ஆகும். காலியான டூத்பேஸ்ட் டியூபை வெட்டி ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். டயரே கிழிந்துவிட்டால், உள்பக்கமாக அதை வைத்து மெதுவாக வீடு வந்து சேரலாம்.

காற்றுக்கு மினி பம்பா, சிஓ2 சிலிண்டரா? 16 கிராம் சிலிண்டர் ஒரு டயரை சில நொடியில் நிரப்பிவிடும். உலோகம் பனிக்கட்டி மாதிரி குளிரும், வெறும் கையால் பிடிக்காதீர்கள். ஒரு தடவைதான் வாய்ப்பு, தவறாக மாட்டினால் காசு காற்றோடு போச்சு. அந்த வாயு சாதாரணக் காற்றைவிட வேகமாக டியூபை விட்டு வெளியேறும் என்பதால் மறுநாள் மறுபடி அடிக்கணும். மினி பம்பில் நூறு தடவைக்கு மேல் அடித்துக் கை வலிக்கும், ஆனால் அது தீர்ந்துபோகாது. புதியவர்களுக்கு நான் பம்பைத்தான் சொல்வேன்.

சரி, எப்படி மாற்றுவது?

முதலில் சாலையைவிட்டு நன்றாக உள்ளே வாருங்கள். பின் விளக்கு எரியட்டும். பின் சக்கரம் என்றால் செயினைக் கடைசி குட்டிப் பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுக் கழற்றுங்கள், சுலபமாக வரும். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கை அழுத்தவே கூடாது. பேட் ரெண்டும் ஒட்டிக்கொண்டு, சக்கரம் திரும்ப உள்ளே போகாது. சைக்கிளை செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள்.

மிச்சக் காற்றை முழுசாக எடுத்துவிட்டு, டயரின் ரெண்டு ஓரத்தையும் சுற்றிலும் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்துங்கள். இதைச் செய்யாததால்தான் "டயர் ரொம்ப டைட்" என்று பலர் திணறுவது. பிறகு லீவரால் ஒரு பக்கத்தை மட்டும் வெளியே எடுத்தால் போதும்.

டியூபை உருவியதும் தூக்கிப் போடாதீர்கள். கொஞ்சம் காற்றடித்து, உதட்டுக்குப் பக்கத்தில் சுற்றிக் கொண்டுவந்தால் ஓட்டை இருக்கும் இடம் தெரியும். வால்வைப் பழைய இடத்துக்கு நேராக வைத்து டியூபை டயர்மேல் பொருத்திப் பாருங்கள், டயரில் எங்கே தேடணும் என்று அதுவே காட்டிவிடும். ஓட்டை வெளிப்பக்கம் என்றால் முள், கம்பி, சில்லு. ரிம்மைப் பார்த்த உள்பக்கம் என்றால் ரிம் டேப் நகர்ந்து, ஸ்போக் துவாரம் டியூபை வெட்டியிருக்கிறது. அதற்கு எத்தனை டயர் மாற்றியும் பயன் இல்லை.

இப்போது சாக்ஸ். வெறும் விரலை விடாதீர்கள், சில்லு கிழிக்கும். அகப்பட்டதைப் பிடுங்கியதும், இன்னொரு சுற்று பாருங்கள்.

புது டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று. முறுக்கி உள்ளே போகாமல் இருக்க இதுதான் வழி. வால்வை நுழைத்து, டியூபைச் செருகி, வால்வுக்கு நேரெதிரே தொடங்கி ரெண்டு பக்கமும் கட்டைவிரலால் டயரை உள்ளே தள்ளிக்கொண்டே வந்து, வால்வில் முடியுங்கள். கடைசி நாலு விரல் அளவு அடம்பிடிக்கும். அங்கே லீவர் போட்டால் புது டியூபை நீங்களே பஞ்சர் ஆக்கிவிடுவீர்கள். டயரின் மற்ற பகுதியை மறுபடி நடுப்பள்ளத்துக்குள் அழுத்தி, அந்தத் தளர்ச்சியை இங்கே கொண்டுவாருங்கள். முடிந்ததும் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுங்கள். ரெண்டு பக்கமும் டியூப் எட்டிப்பார்க்கிறதா என்று பார்த்து, பாதி காற்று, மறுபடி ஒரு பார்வை, அப்புறம் முழுக் காற்று.

முதல் தடவை இதை ஈசிஆரில் செய்யாதீர்கள். வீட்டு ஹாலில், ஃபேனுக்குக் கீழே, பஞ்சரே இல்லாத சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். எனக்கு முதலில் நாற்பது நிமிடம் ஆனது, இப்போது பதினைந்து. 200 கி.மீ. பிரவே போன்ற நீண்ட பயணங்களில் ஆசை இருப்பவர்களுக்கு இது கட்டாயம். 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்கவேண்டிய அந்தப் பயணத்தில், வழியில் ஏற்படும் ரிப்பேரை அவரவரேதான் பார்த்துக்கணும்.

ஒட்டுப் போடுவதை வீட்டுக்கு வந்து நிதானமாகச் செய்யலாம். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, ஈரம் போகும்வரை ஐந்து நிமிடம் காத்திருக்கணும். ஈரத்தோடு ஒட்டினால் பிய்ந்துவிடும், நம்மில் பலர் அவசரப்படுவது இங்கேதான். ஒட்டிய பிறகு கொஞ்சம் பவுடர். ஒருமுறை திறந்த சொல்யூஷன் டியூப் சில மாதத்தில் உள்ளே காய்ந்துவிடும், அதையும் அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

பஞ்சரான டியூபை ரைடு முடிந்ததும் பையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். அதே சாக்ஸில் சுருட்டி வைத்து மறந்துபோய், அடுத்த மாதம் நடுரோட்டில் அதையே திரும்ப மாட்டி, காற்று ஏன் நிற்கவில்லை என்று பத்து நிமிடம் யோசித்தேன்.